கலைச்சொல் பட்டியல் கட்டுரையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?

கரிக்கோல்:
அமெரிக்கப் பள்ளிகளின் ஏபி (கல்லூரி நிலைப் பாடம்) ஆங்கில மொழி வகுப்பில் கிளெய்ம் (முன்வைக்கும் கருத்து), வாரன்ட் (சான்றைக் கருத்தோடு இணைக்கும் காரணம்), எதோஸ் (பேசுபவரின் நம்பகம்), பேதோஸ் (உணர்வு), லோகோஸ் (தர்க்கம்) என்று நீளப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது கட்டுரையைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. "பேச்சாளர் பேதோஸ் மூலம் உணர்வைத் தூண்டுகிறார்" என்ற வாக்கியத்தை எந்தப் பேச்சுக்கும் ஒட்டலாம். தேர்வில் ஒரு கட்டுரைக்கு 6 புள்ளி: தீசிஸுக்கு (கட்டுரையின் மைய நிலைப்பாடு) 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, நுட்பத்துக்கு 1. உத்தியின் பெயரைச் சொன்னதற்கென்று ஒன்றும் கிடையாது.

மேசைவிளக்கு:
ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். பிழை எங்கே என்று சுட்டவே பெயர் வேண்டும். "பள்ளி எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது, ஏனெனில் பதின்வயதினர் போதிய தூக்கமின்றி வருகிறார்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். கிளெய்ம் இருக்கிறது, சான்றும் இருக்கிறது. ஆனால் காலையில் கிடைக்கும் நேரத்தை அவர்கள் தூங்கத்தான் செலவிடுவார்கள், இரவில் அதே அளவு தாமதமாகப் படுக்க மாட்டார்கள் என்ற இணைப்பு எழுதப்படவில்லை. அதுதான் வாரன்ட். தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்ததில் பள்ளிக்கு அதிகம் உதவுவது இதுவே. ஓரத்தில் "இன்னும் விளக்கு" என்று குறித்தால் அதே சான்று வேறு சொற்களில் திரும்பி வரும். "வாரன்ட் எங்கே?" என்று கேட்டால் எங்கே கைவைப்பது என்று மாணவருக்குப் புரியும்.

கரிக்கோல்:
வாரன்ட் இருக்கட்டும். எதோஸுக்கு என்ன சொல்வீர்கள்? 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு நடந்த கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தில் வெளியாட்களின் தலைமை இருப்பதாக எட்டு மதகுருமார் அறிக்கை விட்டிருந்தார்கள். கிங் தன் பதவியைச் சொல்கிறார், தன் அமைப்பின் உள்ளூர் கிளை அழைத்ததைச் சொல்கிறார், அடுத்து கி.மு. எட்டாம் நூற்றாண்டு யூதத் தீர்க்கதரிசிகளும் கிறித்தவத் திருத்தூதர் பவுலும் ஊர்விட்டு ஊர் போனவர்கள்தான் என்கிறார். எட்டுப் பேரில் ஒரு யூத ரபியும் உண்டு. தீர்க்கதரிசிகளை அவரும் மறுக்க முடியாது, பவுலை மற்றவர்கள் மறுக்க முடியாது. எழுத வேண்டியது இதை. "எதோஸ்" என்று எழுதியவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

மேசைவிளக்கு:
அதே கடிதத்தில் இன்னோர் இடம். "பேச்சுவார்த்தை நல்ல வழியல்லவா?" என்ற எதிர்த்தரப்புக் கேள்வியைக் கிங்கே எழுப்புகிறார். நீங்கள் கேட்பது மிகச் சரி என்கிறார். நேரடி நடவடிக்கையின் நோக்கமே பேச்சுவார்த்தைக்கு வரவைப்பதுதான் என்று உடனே திருப்புகிறார். கவுன்டர்கிளெய்ம் (எதிர்வாதம்), கன்செஷன் (அதில் சரியானதை ஒப்புக்கொள்வது), ரிபட்டல் (அதற்குப் பதில் தருவது) மூன்றும் சில வரிகளுக்குள். இந்த மூன்றையும் பிரித்தறியாதவர் "கிங் எதிர்த்தரப்போடு உடன்படுகிறார்" என்று எழுதி வைப்பார்.

தாள்கட்டு:
நடுவில் ஒன்று. அதே தேர்வின் சிந்தசிஸ் கட்டுரையில்தான் (பல ஆதாரங்களை இணைத்து வாதிடுவது) பலர் சறுக்குகிறார்கள். ஆறு ஆதாரங்கள் தருவார்கள், குறைந்தது மூன்றைப் பயன்படுத்த வேண்டும். "சோர்ஸ் ஏ இப்படிச் சொல்கிறது, பி அப்படிச் சொல்கிறது" என்று பத்திக்கு ஒன்றாக அடுக்கினால் அது சுருக்கம், வாதம் அல்ல. பத்தியின் முதல் வாக்கியத்தில் ஆதாரத்தின் பெயரே வரக்கூடாது, சொந்தக் கிளெய்ம் மட்டும். பிறகு இரண்டு ஆதாரங்களை மோதவிடுங்கள். எட்டரை மணி விஷயத்திலேயே, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2014 பரிந்துரை ஒரு பக்கம், பேருந்து நேரமும் மாலை விளையாட்டும் மறுபக்கம். வீட்டில் எழுதும் ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு பிழை: செய்தித்தளத்தில் பார்த்த எண்ணை அப்படியே எடுப்பது. அந்த எண் வந்த மூல ஆய்வைத் திறந்து, யாரை, எத்தனை பேரை அளந்தார்கள் என்று பாருங்கள்.

கரிக்கோல்:
இது பயன். அப்படியானால் முதல் மாதத்துக்கு ஐந்தே சொற்கள்: கிளெய்ம், சான்று, வாரன்ட், கவுன்டர்கிளெய்ம், ரிபட்டல். ஒவ்வொன்றையும் மாணவரின் சொந்தப் பத்தியில் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். வரையறையைக் கேட்டுத் தேர்வு வைக்கக்கூடாது.

மேசைவிளக்கு:
ஐந்துக்குச் சம்மதம், ஆனால் கன்செஷனையும் சேருங்கள். அது இல்லாமல் ரிபட்டல் வெறும் மறுப்பாகிவிடும். எதோஸை விடவும் நான் தயாரில்லை. "யாருக்கு முன்னால், ஏன் இப்போது?" என்ற கேள்வியோடு சேர்த்துக் கற்பித்தால், நீங்கள் தீர்க்கதரிசிகளைப் பற்றி எழுதிய அந்த விளக்கம் மாணவரிடமிருந்தும் வரும்.

கரிக்கோல்:
கன்செஷனைச் சேர்க்கிறேன். எதோஸ் இரண்டாம் பருவத்துக்குப் போகட்டும். அதுவரை அந்த மூன்று கிரேக்கச் சொற்களில் எது கட்டுரையில் வந்தாலும் அடித்துவிட்டு, அதே வாக்கியத்தை அது இல்லாமல் எழுதித் தரச் சொல்வேன்.