பூனைக்காகப் பின்னும் ஆக்டோபஸ்: தலை புனல் மாதிரி நீள்கிறது, பஞ்சும் தெரிகிறது

பூனைவீடு:
எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒரு ஆக்டோபஸ் பின்னிக்கொண்டிருக்கிறேன். மஃப்ளர், பை எல்லாம் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டிருக்கிறேன், பொம்மை இதுதான் முதல் தடவை. பருத்தி நூல், 3.5 மி.மீ. ஊசி. மேஜிக் ரிங்கில் (இழுத்து மூடும் தொடக்க நூல் வளையம்) 6 தையல், அப்புறம் சுற்றுக்கு 6 கூட்டி 36 வரை வந்தேன். தலை 7 செ.மீ. உயரம் வரவேண்டும் என்று செய்முறையில் இருக்கிறது. எனக்கு 12 தாண்டிவிட்டது. உருண்டையாகவும் இல்லை, கவிழ்த்த புனல் மாதிரி நிற்கிறது. பஞ்சு அடைத்தால் தையலுக்குத் தையல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. இரண்டு முறை பிரித்தாயிற்று. எங்கே தப்பு?

ஊசிமுனை:
ஊசி பெரிது. 2.5 எடுத்து இறுக்கிப் பின்னுங்கள்.

பூனைவீடு:
போட்டுப் பார்த்தேன் அக்கா. ஓட்டை கொஞ்சம் சின்னதானது. புனல் அப்படியேதான் இருக்கிறது.

கடைசிச்சுற்று:
இவ்வளவு உயரம் கூடுகிறது என்றால் இறுக்கம் மட்டும் காரணமாக இருக்காது, தையலே வேறு. செய்முறையில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வருகிறதா?

பூனைவீடு:
இல்லை. முழுக்க டபுள் குரோஷேதான்.

கடைசிச்சுற்று:
அதுதான் விஷயம். அது பிரிட்டிஷ் முறையில் எழுதியது. அவர்கள் கணக்கில் சிங்கிள் என்ற தையலே கிடையாது. அவர்களுடைய டபுள்தான் அமெரிக்க சிங்கிள். நீங்கள் பழகியது அமெரிக்க முறை, அதனால் ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிவிட்டு உள்ளே விடுகிறீர்கள். தையல் இரண்டு மடங்கு உயர்ந்துவிடும், நடுவில் சந்தும் விழும். அந்த உயரத் தையலில் 6 வைத்துத் தொடங்கினால் வட்டம் தட்டையாகப் படியாது, குவிந்து புனலாகத்தான் போகும். நூலைச் சுற்றாமல் நேராக உள்ளே விட்டு இழுங்கள். 2.5 ஊசியை மட்டும் மாற்ற வேண்டாம்.

பூனைவீடு:
நான்கு சுற்று போட்டுப் பார்த்தேன். கிண்ணம் மாதிரி அழகாக வளைகிறது! ரொம்ப நன்றி. கால்களுக்கு 30 சங்கிலித் தையல் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று தையல் வைத்துச் சுருட்டச் சொல்கிறார்கள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணி. அப்படியே செய்யலாமா?

நான்குகால்:
பூனைக்கு இரண்டுமே வேண்டாம். பூனை நாக்கில் முள் எல்லாம் உள்பக்கம் பார்த்து இருக்கும். ஒரு இழை மாட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். நீள நூல் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். என் பூனைக்கு இது நடந்திருக்கிறது, அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கால்களை விரல் தடிமனில், 4 செ.மீ. குழாயாகப் பின்னி அடிப்பகுதியோடு சேர்த்தே போடுங்கள். கண்ணைக் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள்.

ஊசிமுனை:
முடிச்சுப் போட்ட நுனியை ஒட்ட வெட்டாதீர்கள். மூன்று பக்கமாகத் திருப்பித் திருப்பி உள்ளே கோத்து மறையுங்கள். பூனை முதலில் கண்டுபிடிப்பது அந்த நுனியைத்தான்.

வேலியோரம்:
குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பேர் உண்டு. அப்போதுதான் பிடுங்கிய வேரென்றால் பூனை மேலே விழுந்து புரளும். மண்ணைக் கழுவி, பொம்மை மேல் தேய்த்துவிட்டு வேரை எடுத்துவிடுங்கள். உள்ளே வைத்துத் தைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பூனைவீடு:
முடித்துவிட்டேன். தலை சரியாக 7 செ.மீ. பஞ்சு ஒரு இழைகூடத் தெரியவில்லை. கொல்லையில் இருந்த குப்பைமேனி வேரைத் தேய்த்துக் கொடுத்தேன். முன்காலால் கட்டிப் பிடித்து, பின்காலால் உதைத்து, இப்போது அதன் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறது. தூங்கி எழுந்ததும் பொம்மையை வாங்கி, தையல் ஏதும் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவேன்.