திரும்பப் படித்தபோது யார் பக்கம் நின்றீர்கள்?

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை, மழையில் காரில் ஏற்றிக்கொண்டவனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் கதை, தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 19 வயதில் ஹாஸ்டலில் படித்தேன். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா மகளைப் போட்டு அடிக்கிறாளே, அதிலேயே மனசு விட்டுப்போய், அப்புறம் நீ சுத்தமாகிவிட்டாய் என்று அவள் தலையில் தண்ணீர் ஊற்றியதெல்லாம் எனக்கு ஒட்டவே இல்லை. போன ஐப்பசியில் என் மகள் வேலை முடிந்து வர ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது, போன் அணைந்து கிடந்தது, நல்ல மழை. வாசலில் சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்ததும் என் கை தானாக ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை, துண்டை எடுத்து நீட்டினேன். அவள் தூங்கிய பிறகு கதையைத் தேடி எடுத்துப் படித்தேன். அடித்தவளும் தண்ணீர் ஊற்றியவளும் ஒரே அம்மாதான் என்பது 47 வயதில்தான் எனக்கு உறைத்தது. ஓங்கிய அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

—

எனக்குப் பொன்னியின் செல்வன். 1950-54ல் கல்கியில் வந்தபோதே தாத்தா வாராவாரம் கிழித்து பைண்டு செய்து வைத்தது, மணியம் படங்களோடு. 13 வயதில் வந்தியத்தேவன் குதிரை போன பக்கமெல்லாம் போனேன், சோழநாட்டின் கிழ வீரர் பெரிய பழுவேட்டரையர் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். இப்போது 54. உடம்பில் 64 விழுப்புண் வாங்கிய மனுஷனை, வயதான காலத்தில் கல்யாணம் செய்தார் என்று ஊரே முதுகுக்குப் பின்னால் பேசுகிறது. அவர் வரும் இடங்களில் மட்டும் அப்பாவின் பென்சில் கோடு, ஓரிடத்தில் அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருக்கிறது. தம்பிகள் அப்பாவைக் கடையிலிருந்து ஒதுக்கிய வருஷம் போட்டதா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

—

முதலில் எழுதிய அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த அம்மாவை ரொம்பப் பெரிய ஆளாக்காதீர்கள். விஷயத்தை மறைத்து மகளை ஏற்றுக்கொள்வதெல்லாம் நம் வீடுகளில் நடக்காது என்று ஜெயகாந்தனே அந்தக் கதையின் முடிவை மாற்றி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் எழுதிக் காட்டினார். அதில் அம்மா போட்ட கூப்பாட்டில் ஊருக்கே தெரிந்துபோகும், அண்ணன் அந்தப் பெண் கங்காவை வீட்டை விட்டே துரத்துவான். 22ல் எனக்கு அந்தக் கார்க்காரன் பிரபுமேல் பரிதாபம் வந்தது, 40ல் கங்காவைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. என் கதை அவ்வளவுதான். மற்றபடி, திரும்பப் படிப்பவர்கள் படித்து முடித்த தேதியை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். பழைய அடிக்கோடு இருக்கிற பிரதியை ஒதுக்கிவிட்டுப் புதுசாக ஒன்று வாங்கிப் படியுங்கள், இல்லையென்றால் கண் பழைய இடத்துக்கே ஓடும். பைண்டு வைத்திருக்கும் அண்ணன் அதை மூடிய அலமாரியிலேயே வைக்காமல் மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட வையுங்கள், இராமபாணப் பூச்சி விழுந்தால் அந்தப் பென்சில் கோடும் போய்விடும். பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள்.

—

முதலில் எழுதியவள்தான். கோபமெல்லாம் இல்லை. நேற்று மகளிடம் கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் கார்க்காரனை ஏம்மா யாருமே தேடலை?" இரண்டு தடவை படித்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. கங்கா அவனைத் தேடிப் போவாள் என்று சொல்லி நாவலை எடுத்துக் கொடுத்தேன். விளக்கு இன்னும் எரிகிறது.