மறுமொழி: ‘விதை வங்கி’யா, ‘மண்விதை இருப்பு’வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் விதைகளை (ஆங்கிலத்தில் soil seed bank) நம் கலைச்சொல் பட்டியலில் ‘மண் விதை வங்கி’ என்றே சொல்லலாம் என்று குழுவில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. விதை வங்கி என்றால் நம் ஊரில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் வாங்கப் போகும் இடம். அங்கே ஆள் உண்டு, பதிவேடு உண்டு. மண்ணில் யாரும் சேமிக்கவில்லை, விழுந்தது கிடக்கிறது.

வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த மனையில் போன மாதம் சீமைக்கருவேலத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். இரண்டு கை மண்ணை அள்ளிவந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவந்தேன். பன்னிரண்டாம் நாள் பார்த்தீனியம் ஒன்பது, சீமைக்கருவேலம் இரண்டு, கோரை ஒன்று. முன்பு அங்கே பறித்த தும்பையும் கீழாநெல்லியும் தலைகாட்டவில்லை.

அயல்செடி மேலே அடைத்துக்கொண்டால் பழைய செடிகள் விதை உதிர்ப்பது குறைகிறது. உள்ளே கிடப்பவை முளைத்தும் மக்கியும் எறும்புக்கு இரையாகியும் கரைகின்றன. வந்தேறியின் விதையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு வேறு கொண்டுவந்து போடுகின்றன. இந்த வரவு செலவைச் சொல்ல ‘மண்விதை இருப்பு’ போதும். ‘இருப்பு கரைந்தது’, ‘இருப்பு மாறியது’ என்று வாக்கியத்தில் உறுத்தாமல் உட்காருகிறது.

நெடுங்காலம் தாங்குபவற்றை ‘நெடுந்துயில் இருப்பு’ எனலாம். விதைகள் எத்தனை காலம் உயிர்தாங்கும் என்று பார்க்க, 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பீல் என்ற தாவரவியலாளர் 20 புட்டிகளில் விதைகளை மணலோடு புதைத்துவைத்தார். 2021-இல் தோண்டிய புட்டியிலிருந்தும் சில முளைத்தன. துயில் என்ற சொல் மிகையில்லை.

*

(இதற்கு ஒரு நண்பரின் பதில்:) ஐயா, ‘இருப்பு’ என்றதும் எனக்கு ரேஷன் கடைப் பலகைதான் கண்ணில் நிற்கிறது. ‘விதைக்குதிர்’ ஏன் கூடாது? செடியை வெட்டிவிட்டு நிலம் சுத்தம் என்பவர்களைப் பார்த்தால் ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழிதான் தோன்றுகிறது.

*

(மீண்டும் நான்:) உங்கள் பழமொழிக்குத் தோற்றேன். ஆனாலும் குதிரில் நெல்லைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். வங்கிக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு. கட்டுரைத் தலைப்புக்குக் குதிர் இருக்கட்டும், கலைச்சொல் பட்டியலில் இருப்பையே சேர்க்கிறேன்.

ஒரு திருத்தம்: இன்று காலை தட்டின் ஓரத்தில் தும்பைபோல் ஒன்று எட்டிப்பார்க்கிறது. இன்னும் இரண்டு இலை விட்டதும் உறுதி செய்து எழுதுகிறேன்.