புதுப்பிப்பு: பிரிண்டிங் பட்டறையில் மெயின் டிரிப் ஆன பிரச்சினை

திருப்பூர் பட்டறையில் அரை மணிக்கு ஒருமுறை 63 ஆம்பியர் மெயின் பிரேக்கர் விழுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. 4 கிலோவாட் ஃபிளாஷ் (பிரிண்ட் மையை உடனே உலர்த்தும் ஹீட்டர்) மூன்றையும் ஒரே ஃபேஸில் கொடுத்திருந்தார்கள். அதுவே 52 ஆம்பியர். மூன்று ஃபேஸிலும் ஓடும் கியூரிங் மெஷின் (மையைச் சூட்டில் இறுக்குவது) ஃபேஸுக்கு 25, கம்ப்ரஸர் 8. இவையும் சேர்ந்தால் அந்த ஃபேஸில் 85. நீங்கள் சொன்னபடி ஃபிளாஷை ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்தோம். இப்போது ஒவ்வொன்றிலும் 50தான். கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரும் சூடாவதில்லை.

அப்புறம், கியூரிங் மெஷின் பக்கத்திலேயே பூட்டுப் போடும் வசதியுள்ள 40 ஆம்பியர் ஐசோலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தாயிற்று. மெஷின் ஹீட்டரில் வேலை பார்க்கும் பையன் அதை அணைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.