இங்கிலாந்துக்கு ஏன் தண்டனைச் சட்டத்தொகுப்பு இல்லை?

கேள்வி:
இந்தியாவுக்கு 1860-லேயே தண்டனைச் சட்டம் இயற்றிய இங்கிலாந்து, தன் குற்றவியல் சட்டத்தை இன்றுவரை ஒரே தொகுப்பாக்கவில்லை என்று படித்தேன். அதற்கான முயற்சியே நடக்கவில்லையா?

பதில் 1:
நடந்தது, ஐயா. இந்தியாவில் வைஸ்ராய் மன்றத்தின் சட்ட உறுப்பினராக இருந்து 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், தாயகம் திரும்பிய பின் அங்கும் அதே பணியைத் தொடங்கினார். 1878-இல் அவர் தயாரித்த மசோதாவை ஓர் அரச ஆணையம் ஆராய்ந்து மறுஆண்டே திருத்திய வரைவை அளித்தது. ஆயினும் தலைமை நீதிபதி காக்பர்ன் அதைக் கடுமையாக விமர்சித்தார், நாடாளுமன்றமும் நிறைவேற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வரைவைத் தழுவிக் கனடா 1892-இல் தன் தொகுப்பை இயற்றிக்கொண்டது.

பதில் 2:
1989-இல் சட்ட ஆணையம் வெளியிட்ட வரைவும் ஏட்டளவிலேயே நின்றது. திருட்டுக்கு 1968-இல் தனிச் சட்டம் வந்தது. கொலையோ இன்றும் தீர்ப்புகளின் வழி வரையறுக்கப்படும் பொதுச்சட்டக் குற்றமே.

பதில் 3:
தொகுப்பு இல்லாததைக் குறையாக மட்டும் கருத என்னால் இயலவில்லை. மனைவியை வன்புணர்வு செய்த கணவனுக்கு இருந்த விலக்கை அங்கே 1991-இல் நீதிபதிகளே நீக்கினார்கள். இந்தியாவிலோ அது எழுதப்பட்ட விதிவிலக்காகத் தொகுப்பில் இடம்பெற்று, 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

பதில் 1:
ஏற்கிறேன். ஆனால் நடந்து முடிந்த செயலுக்குத் தீர்ப்பு வழியாகப் புதிதாகத் தண்டனை வருவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நியாயமா என்ற கேள்வியும் அதே வழக்கில்தான் எழுந்தது.