கலைச்சொல்: சிம் போட்டு எடுத்துச்செல்லும் ஹாட்ஸ்பாட் பெட்டி – பகிரலையா, கைத்திசைவியா?

கோவையிலிருந்து

வணக்கம்.

பயணிகளுக்கான கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் ஒரு சொல் முட்டுக்கட்டை போடுகிறது. சிம் செருகிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் குடும்பமே இணையம் பார்க்கலாமே, அந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொல்கிறேன். கடையில் கேட்டால் ஒருவர் 'டாங்கிள்' என்பார், இன்னொருவர் 'ஜியோஃபை' என்பார். டாங்கிள் என்பது மடிக்கணினியின் யூஎஸ்பி துளையில் செருகுவது, அது வேறு பொருள். ஜியோஃபை வணிகப்பெயர். 'மைஃபை'யும் அப்படித்தான், 2009இல் நோவாடெல் வயர்லெஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியின் பெயர் அது. ஜப்பானியர் சொல்லும் 'பாக்கெட் வைஃபை' சாஃப்ட்பேங்கின் வணிகக்குறி. கொரியாவில் கேடி நிறுவனம் 'எக்' என்று பெயர் வைத்தது, இன்றும் வாடகைக் கடைகளில் முட்டைதான் வழங்குகிறது! நகலெடுப்பது 'ஜெராக்ஸ்' ஆன கதைதான் எல்லா ஊரிலும்.

வரைவில் 'பகிரலைக் கருவி' என்று எழுதியிருக்கிறேன். பகிரலை என்றால் ஹாட்ஸ்பாட். ஒத்துக்கொள்ளலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து

> வரைவில் 'பகிரலைக் கருவி' என்று எழுதியிருக்கிறேன்.

வணக்கம் ஐயா. 'பகிரலை' நல்ல சொல். பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் அலை என்று வினைத்தொகையாக அழகாக விரியும். ஆனால் அது அலையின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல. கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாலும் வருவது பகிரலைதானே? அப்போது கைபேசியும் பகிரலைக் கருவி ஆகிவிடும்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. 'பகிரலையை நிறுத்தவும்' என்று கையேட்டில் எழுதினால் வாசிப்பவர் எதை நிறுத்துவார்? இந்தப் பெட்டிகளில் பல, யாருமே இணையாமல் 10 நிமிடம் போனால் மின்கலத்தை மிச்சம் பிடிக்கத் தானாகவே வைஃபையை அணைத்துத் தூங்கிவிடும். அலை நின்றுவிட்டது, பெட்டி அணையவில்லை. பொத்தானை ஒருமுறை தட்டினால் எழும்பும். இது தெரியாதவர், பெட்டி பழுதாகிவிட்டது என்று அழுத்திப் பிடித்து முழுதாக மீட்டமைத்து விடுவார். வைத்த கடவுச்சொல்லும் போகும், ஏபிஎன் (இணையத்துக்குள் நுழைய சிம் நிறுவனம் தரும் நுழைவுப்பெயர்) அமைப்பும் போகும். ஆகவே அலைக்கு ஒரு சொல், பெட்டிக்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

'பகிரி' என்று சுருக்கலாம் என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: வாட்ஸப்புக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே பலர் எழுதிவருகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து

பைக்குள் இருந்து அலை தருவதால் 'பையலை' என்று வைக்கலாமே? அருகலை (வைஃபை), பகிரலை வரிசையில் ஒலியும் ஒத்துவருகிறது.

சென்னையிலிருந்து

'பையலை எடுத்து வை' என்றால் எந்தப் பயலை என்று கேட்பார்கள். வேண்டாம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். உள்ளே மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, சிம்மைக் கொண்டு செல்பேசிக் கோபுரத்தோடு பேசும் இணக்கி (மோடம்). இரண்டு, சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கைபேசிக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று கொடுத்துப் போக்குவரத்தைப் பிரித்தனுப்பும் திசைவி. மூன்று, வைஃபை அலையை வீசும் பகுதி. வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரில் இருப்பதும் பெரும்பாலும் இதுவேதான், கம்பிக்குப் பதில் இங்கே சிம், மின்செருகிக்குப் பதில் மின்கலம். ஆக இது கையடக்கமான திசைவி. 'கைத்திசைவி' என்று முன்மொழிகிறேன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தப் பெட்டி பற்றி வரும் புகார்களில் மிகுதியானது 'சிக்னல் முழுசா இருக்கு, நெட் வரல' என்பதுதான். கைபேசியில் முழுதாகத் தெரிவது பெட்டிக்கும் கைபேசிக்கும் நடுவே உள்ள நாலடி அலை. பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ளது வேறு அலை, அதன் வலிமை பெட்டியின் விளக்கிலோ திரையிலோதான் தெரியும். வைஃபைக்கு 'அருகலை' என்று வைத்தவர் அறிந்து வைத்தாரோ இல்லையோ, பாதி விளக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மறுபக்கத்துக்குக் 'கோபுர அலை' என்றே எழுதுங்கள். 'அருகலை முழுதாக இருந்தும் கோபுர அலை இல்லாவிட்டால் இணையம் வராது' என்ற ஒரு வரி போதும்.

கையேட்டுக்கு உதவும் என்று சில விவரங்கள்:

கோபுர அலையின் வலிமை, உலாவியில் திறக்கும் பெட்டியின் மேலாண்மைப் பக்கத்தில் எதிர்மறை எண்ணாக இருக்கும். -85 நல்லது, -110க்குக் கீழே போனால் பக்கம் திறப்பதே பாடு. ரயிலில் குளிர்வசதிப் பெட்டியில் போகும்போது கைத்திசைவியைப் பைக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ வைக்காமல் சன்னலோரம் வையுங்கள், உலோகச் சுவரைவிடக் கண்ணாடி மேல். அலை மெலிந்த இடத்தில் கருவி தன் உச்ச வலிமையில், அதாவது 200 மில்லிவாட்டில், கோபுரத்தை நோக்கிக் கத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் மலைப்பாதையில் பெட்டி சுடுகிறது, அட்டையில் 6 மணி நேரம் என்று போட்டிருப்பது 3 மணி நேரத்தில் தீர்கிறது. அந்த நேரத்தில் மடிக்கணினியின் பழைய யூஎஸ்பி துளையில் செருகி ஏற்றினால் கிடைப்பது 500 மில்லி ஆம்பியர், செலவுக்கே பற்றாது. 5 வோல்ட் 2 ஆம்பியர் தரும் மின்னூக்கி வேண்டும்.

சிம் அளவு இன்னொரு தலைவலி. பழைய பெட்டிகள் 15×12 மில்லிமீட்டர் மைக்ரோ சிம் கேட்கும், நம் கையில் இருப்பது 12.3×8.8 நானோ. அட்டைச் சட்டத்துக்குள் வைத்துச் செருகலாம், ஆனால் சிம் இல்லாத வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். வெளியே இழுக்கும்போது உள்ளிருக்கும் தொடுமுள்கள் சட்டத்தின் ஓட்டையில் மாட்டி வளைந்துவிடும், அதோடு பெட்டி போயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து

'கைத்திசைவி' எனக்குச் சம்மதம். எங்கள் பக்கம் 'பொக்கெற் றவுட்டர்' என்று சொல்வதோடும் நேராகப் பொருந்துகிறது. ஒரு கேள்வி: கைபேசி என்று மிகாமல் எழுதிவிட்டு இங்கே மட்டும் 'த்' ஏன்?

சென்னையிலிருந்து

> இங்கே மட்டும் 'த்' ஏன்?

கைக்குட்டை, கைத்தடி, கைப்பிடி, கைத்தொழில் எல்லாம் மிகுந்தே வருகின்றன. இந்த வரிசையில் விதிவிலக்காக நிற்பது கைபேசி. அதையும் கைப்பேசி என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சண்டையை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம், தாங்காது. 'திசைவி' என்ற ஆக்கமே சரியா என்றும் கேட்கலாம். உலாவு என்றால் உலாவி, வருடு என்றால் வருடி. திசை என்பதோ பெயர்ச்சொல். ஆனால் ரவுட்டருக்கு அது ஊன்றிவிட்டது, பிடுங்கி நடுவதில் பயனில்லை.

கோவையிலிருந்து

நன்றி. கைத்திசைவி பெட்டிக்கு, பகிரலை அது வீசும் இணைப்புக்கு, கோபுர அலை மறுபக்கத்துக்கு என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். சொல் உழைக்கிறதா என்று பாருங்கள்:

"கைத்திசைவியில் சிம்மைச் செருகி இயக்கவும். பெட்டியின் அடியிலோ மின்கலத்துக்குக் கீழோ ஒட்டியிருக்கும் பகிரலைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கைபேசியில் இட்டு இணைக்கவும். இணைந்தும் இணையம் வரவில்லையென்றால் மேலாண்மைப் பக்கத்தில் ஏபிஎன் பார்க்கவும். சிம்முக்குப் பூட்டெண் (பின்) வைத்திருந்தால் கைபேசியில் போட்டு முதலில் நீக்கிவிடவும். மடிக்கணினியை இணைத்ததும் அதன் வைஃபை அமைப்பில் இதை அளவுள்ள (மீட்டர்ட்) இணைப்பு என்று குறிக்கவும். குறிக்காவிட்டால் விண்டோஸ் இற்றைப்படுத்தலே அன்றைய 2 ஜிபியை விழுங்கிவிடும். ரீசார்ஜ் குறுஞ்செய்தியும் கடவெண்ணும் (ஓடிபி) கைத்திசைவிக்குள் இருக்கும் சிம்முக்குத்தான் வரும், மேலாண்மைப் பக்கத்தில் படிக்கலாம். ஆகவே வங்கியோடு இணைத்த எண்ணை அதில் போட வேண்டாம். காஷ்மீர், லடாக் செல்வோர் கவனிக்க: பிற மாநில முன்கட்டணச் சிம் அங்கே வேலை செய்யாது, பின்கட்டணச் சிம் தேவை."

விமானப் பயணப் பத்தியில் ஒரு கணக்குச் சேர்த்தேன். மின்கலம் 3000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் 11.1 வாட் மணி. 100 வாட் மணி வரம்புக்கு வெகு கீழே. ஆனால் கழற்றி வைத்த உபரி மின்கலம் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது.

சிங்கப்பூரிலிருந்து

பையலையைக் கைவிட்டேன், கைத்திசைவிக்கே என் வாக்கும். ஜப்பான் பகுதியில் ஒரு வரி சேருங்கள். வாடகைக் கைத்திசைவியோடு பல கடைகள் திருப்பியனுப்பும் உறையும் தருகின்றன, புறப்படும் விமான நிலையத்தின் அஞ்சல் பெட்டியில் போட்டுவிடலாம். மின்னேற்று வடத்தையும் உறையில் வைக்க மறக்கக் கூடாது, விட்டால் தனிக் கட்டணம். அங்கே 5.2, 5.3 கிகாஹெர்ட்ஸ் அருகலையைத் திறந்தவெளியில் பயன்படுத்த விதி பொதுவாகத் தடுக்கிறது, அதனால் வெளியே சுற்றும்போது 2.4இல் வைப்பதே சரி.

யூஎஸ்பி வடம் வழியாகக் கைபேசி தன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கிறதே, அதில் அலையே இல்லை. அதைப் பகிரலை என்று எழுத முடியாது. 'வடப்பகிர்வு' என்றால் ஒத்துவருமா?