கோப்பையின் அடியில் கிரீடம், 51, புள்ளிகள்: எந்த ஆண்டு?

காட்பாடிக்காரன்: வேலூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய கப் அண்ட் சாசர். அடியில் கிரீடம், வட்டம், நடுவில் 51, சுற்றி 'ராயல் வூஸ்டர் இங்கிலாந்து'. கிரீடத்தருகே 7 புள்ளிகள். கீழே பதிவு எண், 355 ஆயிரத்துச் சொச்சம். கடைக்காரர் 1851 என்கிறார்.

பீங்கான்பித்தன்: 51 தயாரித்த ஆண்டு அல்ல, 1751-இல் வூஸ்டர் பீங்கான் ஆலை தொடங்கியதன் நினைவு. 'இங்கிலாந்து' என்ற சொல் அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தால் 1891 முதல் வந்தது. 1892-இல் ஒரு புள்ளி, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும். 7 என்றால் 1898.

ஆற்காடுஅண்ணன்: இடிக்குதே தம்பி. அந்த வடிவப் பதிவு எண் 1900-க்கு உரியது. வடிவம் பதிவாகும் முன்பே கோப்பை எப்படி வரும்? புள்ளி தேய்ந்திருக்கும், இல்லை கண்ணுக்குத் தப்பியிருக்கும். 10 மடங்கு லென்ஸில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் திரும்ப எண்ணுங்க. குறைந்தது 9 இருக்கணும். பதிவு எண் 'இதற்கு முன்பு இல்லை' என்று மட்டும்தான் சொல்லும்; அதே வடிவத்தைப் பல வருஷம் செய்திருப்பாங்க. சாசரையும் தனியாக எண்ணுங்க, ஜோடி மாறியிருக்கலாம்.

பீங்கான்பித்தன்: சரிதான் அண்ணே, எண்ணைக் கவனிக்கலை. முத்திரையை நகத்தால் வருடியும் பாருங்க. மெருகுக்கு மேலே தடித்து நின்றால் பிற்பாடு ஒட்டினதோ என்று சந்தேகப்படணும். நம்ம ஊர் உப்புத்தண்ணீர்க் கறையை எடுக்கப் பிளீச்சில் ஊறப்போடாதீங்க, தங்கப்பூச்சு போயிடும்.